கல்லும் ஏடும்: புனித ஜார்ஜ் கோட்டைத் தூய மரியாள் ஆலயமும் இடம்பெயர்ந்த அதன் கல்லறைகளும்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இன்றும் வழிபாடு நடந்துவரும் தூய மரியாள் ஆலயம் 1680ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அர்ப்பணம் செய்யப்பட்டது. ஆங்கிலிக்கன் சபை, அதாவது இங்கிலாந்து அரசரைத் தலைமையாகக் கொண்ட சீர்திருத்தத் திருச்சபை, இந்தியாவில் எழுப்பி இன்றுவரை நிலைத்திருக்கும் ஆலயங்களுள் மிகப் பழையது இதுவே என்பதால், சென்னை வரலாற்றை எழுதியவர் எவரும் இதனைக் குறிப்பிடாமல் விட்டதில்லை. எனினும் அவர்கள் பெரும்பாலும் இதன் சுவர்களுக்குள் மணம் புரிந்தவர்களையும் அடக்கம் செய்யப்பட்டவர்களையும் பற்றியே பேசினார்கள். ஆலயத்தைச் சுற்றியுள்ள முற்றத்தில் தளக்கற்களைப் போலப் பதிந்து கிடக்கும் பழைய கல்லறைப் பலகைகளுக்கும் அவை குறிக்கும் உடல்களுக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. அக்கற்களின் கீழ், அவற்றில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் கோட்டைக்கு வடமேற்கே, பின்னாளில் சட்டக் கல்லூரி கட்டப்பட்ட நிலத்தில் புதைக்கப்பட்டவர்கள். கல் ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலும் பிரிந்து கிடக்க நேர்ந்ததன் காரணத்தை ஆராய்வதும், அப்பிரிவு அறியப்பட்ட பிறகு இக்கற்களை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்று கேட்பதும் இச்சொற்பொழிவின் நோக்கம்.

கிழக்கிந்தியக் கும்பினியார் 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தாமர்ல நாயக்கர்களிடமிருந்து மதராசப்பட்டினத்துக் கடற்கரைத் துண்டை உரிமையாகப் பெற்று, மறு ஆண்டு கோட்டை கட்டத் தொடங்கினர். ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகள் அவர்களுக்கென்று தனி ஆலயம் எதுவும் இல்லை. கோட்டையின் நடுவே இருந்த மாளிகையில் ஓர் அறையே வழிபாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இதற்கு நேர்மாறாக, 1642இல் வந்து சேர்ந்த எஃப்ரெம் தெ நெவர் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி, போர்த்துக்கீசியக் குடிகளுக்காகக் கோட்டை எல்லைக்குள்ளேயே தூய அந்திரேயா பெயரில் கத்தோலிக்கக் கோயில் ஒன்றை நிறுவி நடத்திவந்தார். கும்பினியின் ஊரில் கும்பினியாரின் சமயத்துக்கு முன்பாகவே பிறிதொரு சமயப் பிரிவுக்குக் கோயில் எழுந்திருந்தது என்பது, அந்நாளைய மதராஸ் ஆங்கிலேயரால் மட்டும் ஆன ஊர் அன்று என்பதற்குச் சான்றாகும். அவ்வூரின் வணிகமும் காவலும் போர்த்துக்கீசியரும் ஆர்மீனியரும் தமிழரும் தெலுங்கரும் கலந்தே நடத்தியவை.

1678இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர் இக்குறையைத் தீர்க்க முனைந்தார். கும்பினியின் இலண்டன் இயக்குநர்களிடம் பணம் கேட்காமல், கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயரிடமே நன்கொடை திரட்டி, அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் வேலையைத் தொடங்கினார். அந்நாள் கன்னி மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்னதை நினைவுகூரும் திருநாள் என்பதால் ஆலயத்துக்கு அவர் பெயரே அமைந்தது. முறைப்படி அர்ப்பணம் செய்ய ஒரு பேராயர் வேண்டும். ஆனால் அந்நாளில் ஆசியா முழுவதிலும் ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவரும் இல்லை. கல்கத்தாவுக்குப் பேராயர் நியமிக்கப்பட்டது 1814இலும் சென்னைக்கு நியமிக்கப்பட்டது 1835இலும்தான். ஆகவே இலண்டன் பேராயரின் அனுமதி ஆவணம் கடல் வழியாக வரவழைக்கப்பட்டு, கோட்டைக் குருவானவர் ரிச்சர்ட் போர்ட்மன் அச்சடங்கை நிறைவேற்றினார். அந்நாளில் காவற்படை அணிவகுத்து நின்று துப்பாக்கிகளை முழக்கியது. கோட்டையின் பீரங்கிகளும் முழங்கின.

ஆலயத்தின் கட்டட அமைப்பை அதன் போர்க்காலப் பயனோடு சேர்த்தே புரிந்துகொள்ள இயலும். நடுக்கூடமும் இரு பக்கக் கூடங்களுமாக மூன்று நீண்ட பகுதிகள். மூன்றுக்கும் மேலே செங்கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் கட்டப்பட்ட வளைகூரைகள். கூரையில் உத்திரமோ சட்டமோ இல்லை. மரம் கதவுகளிலும் சன்னல்களிலும் மட்டுமே உண்டு. வெளிச்சுவர்கள் ஏறத்தாழ 4 அடி கனமும் கூரை ஏறத்தாழ 2 அடி கனமும் கொண்டவை. கோட்டையின் தலைமைப் பீரங்கி வீரராக இருந்த எட்வர்ட் ஃபௌல் என்பவரே இதன் வடிவத்தை வகுத்தவர் என்று கருதப்படுகிறது; அது உறுதியாயினும் ஆகாவிடினும், குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும், தீப்பற்றக் கூடாது என்ற இரண்டு எண்ணங்கள் இக்கூரையை உருவாக்கியவரின் மனத்தில் இருந்தன என்பதில் ஐயமில்லை. வழிபாட்டுக்கென எழுந்த ஒரு கட்டடம் முற்றுகைக் காலத்தில் அடைக்கலமாகவும் பயன்படும்படி முதலிலிருந்தே திட்டமிடப்பட்டது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்; ஏனெனில் ஆலயத்தைக் காப்பாற்றிய அதே போர்க்கணக்குதான் பின்னர் அதன் கல்லறைத் திடலை அழித்தது. கோபுரம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டதும், அதன் கூர்முடி 1795இல் மீண்டும் கட்டப்பட்டதும், பலிபீடப் பகுதி 1884இல் நீட்டப்பட்டதும் பிற்காலச் செய்திகள்.

ஆலயத்தை நிருவகித்த குழுவுக்கு வெஸ்ட்ரி என்று பெயர். இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் ஒரு பங்கின், அதாவது ஓர் ஆலயத்தின் ஆட்சிக்கு உட்பட்ட குடிகளின், பொதுக் காரியங்களைக் கவனித்துவந்த சபையே இப்பெயரில் மதராசுக்கும் வந்தது. ஏழைகளுக்கான காணிக்கையைத் திரட்டுவதும், தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளின் சொத்தைக் காப்பதும், சேர்ந்த தொகையை வட்டிக்கு விட்டுப் பெருக்குவதும் அதன் வேலைகள். குருவானவர் வில்லியம் ஸ்டீவன்சனின் முயற்சியால் 1715இல் இந்நிதியிலிருந்து எழுந்த அறப்பள்ளி, காலப்போக்கில் பிற அநாதை விடுதிகளோடு இணைந்து, இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பள்ளியாகத் தொடர்கிறது.

வெஸ்ட்ரி விட்டுச்சென்ற செல்வங்களுள் மிக அரியவை பதிவேடுகள். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் 1680 முதல் அவற்றில் எழுதப்பட்டுள்ளன. திருமணப் பதிவின் முதல் வரியே வரலாற்றில் இடம்பெற்றது: ஆலயம் திறந்து ஒரு வாரமே ஆன 1680 நவம்பர் 4ஆம் நாள், கும்பினி ஊழியரான எலிஹு யேல், காதரின் ஹின்மர்ஸ் என்ற கைம்பெண்ணை மணந்தார். அவருடைய முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸ், கும்பினி ஆட்சிக்குழுவில் ஆளுநருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். அதே ஆண்டில்தான் இறந்திருந்தார். 1689 ஆகஸ்டில், பின்னர் கல்கத்தாவை நிறுவியவர் எனப் பெயர்பெற்ற ஜோப் சார்னாக்கின் மூன்று பெண்மக்கள் ஒரே நாளில் இங்குத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்களுடைய தாய் ஓர் இந்தியப் பெண் என்று கூறப்படுகிறது. 1753 பிப்ரவரி 18ஆம் நாள் இராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலினை இங்கே மணந்தார்.

கிளைவின் திருமணத்தை நடத்திவைத்தவர் கோட்டைக் குருவானவர் அல்லர். வேப்பேரியில் தங்கிப் பணியாற்றிய செருமானிய லுத்தரன் போதகர் யோகான் பிலிப் பப்ரீசியுஸ். தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தவரும், 1779இல் தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்டவருமாகிய அவர், தமிழ் உரைநடை வரலாற்றில் நிலையான இடம் பெற்றவர். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. தூய மரியாள் ஆலயத்தின் பலிபீடத்துக்கு மேலே தொங்கும் இயேசுவின் இறுதி இரவுணவுக் காட்சி ஓவியமும் அதே கொள்ளையில் வந்தது என்பது வழிவழிச் செய்தி. ஒரே போரில் கிடைத்த இரு பொருள்களுள் ஒன்று கோட்டை ஆலயத்துக்கும் மற்றொன்று தமிழ் அச்சுக்கும் போய்ச் சேர்ந்ததை எண்ணும்போது, தமிழ் மாணவருக்கு இரண்டாவதே பெரிதாகத் தோன்றும். அவ்வாறு தோன்றுவது நியாயமுமாகும்.

இனிக் கல்லறைகள். கோட்டைக்குள் இடம் குறைவு. ஆகவே கோட்டைச் சுவருக்கு வெளியே, வடமேற்கில் இருந்த திடலில் ஆங்கிலேயர் தங்கள் இறந்தோரைப் புதைத்தனர். ஆலயம் கட்டப்படுவதற்கு முன்பே அத்திடல் பயன்பாட்டில் இருந்தது. இன்று ஆலய முற்றத்தில் உள்ள கற்களுள் மிகப் பழையது, மதராஸின் முதல் பிரெசிடெண்ட், அதாவது பிற கும்பினிச் சாவடிகளையும் மேற்பார்வையிடும் அதிகாரம் பெற்ற தலைவர், ஆரன் பேக்கரின் மனைவி எலிசபெத்துக்கு உரியது, ஆண்டு 1652. இந்தியாவிலேயே மிகப் பழைய ஆங்கிலேயர் கல்லறைக் கல் இதுதான் என்று சில நூல்கள் எழுதுவதுண்டு. 1649இல் சூரத்தில் இறந்த பிரான்சிஸ் பிரெட்டனின் கல்லறையைக் கணக்கில் கொண்டால் அக்கூற்று நிற்காது. சென்னையில் உள்ளவற்றுள் மிகப் பழையது என்ற பெருமையே அக்கல்லுக்குப் போதுமானது. கணவரின் பதவி தொடங்கிய ஆண்டிலேயே மறைந்த ஒரு பெண்ணை முன்னிறுத்தியே இவ்வூரின் ஆங்கிலேயர் கல்வெட்டு வரலாறு தொடங்குகிறது என்பது அதைவிட முக்கியமானது.

அத்திடலில் எழுந்த கல்லறைகள் தரையோடு படுத்த பலகைகள் மட்டும் அல்ல. இந்தியாவில் தங்கிச் செல்வம் சேர்த்த ஆங்கிலேயர், தங்கள் நாட்டில் எண்ணிப் பார்க்கவும் முடியாத அளவுக்கு உயர்ந்த நினைவிடங்களை இங்கே கட்டினர்; கூர்முடிகளும் வளைவுகளும் கனமான செங்கற்சுவர்களும் கொண்ட அக்கட்டடங்கள், தொலைவிலிருந்து பார்ப்போருக்கு ஒரு சிறு நகரத்தைப் போலவே தோன்றியிருக்க வேண்டும். பெயர் பொறிப்பதற்குப் பயன்பட்டது பெரும்பாலும் இவ்வட்டாரத்துக் கருங்கல். அக்கல் சென்னையோடு நின்றுவிடவில்லை. கல்கத்தாவில் சார்னாக்கின் கல்லறைப் பலகையை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அது பல்லாவரத்துப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, 1893இல் அப்பாறை வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். பல்லாவரத்துக் குன்றின் கல் ஒரு வங்காளக் கல்லறைக்குப் போய், அங்கிருந்து உலகப் புவியியல் நூல்களில் ஒரு பாறையின் பெயராகத் திரும்பிவந்தது. அக்கல்லை வெட்டிச் செதுக்கி மெருகேற்றிய தமிழ்நாட்டுக் கல்தச்சர்களின் பெயர்களில் ஒன்றுகூட எந்தக் கல்லிலும் இல்லை. இலத்தீன் எழுத்துகளையும் ஆங்கில எழுத்துகளையும் பொருள் அறியாமல் வடிவம் பார்த்தே அவர்கள் செதுக்கியிருக்க வேண்டும். அவ்வாறிருந்தும் மூன்று நூற்றாண்டு தாண்டி இன்றும் பல வரிகள் படிக்கும்படி நிற்கின்றன என்றால், அவர்களின் உளிக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று வேண்டியதில்லை.

கல்லறைத் திடலின் முடிவு போரால் வந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் மதராஸைக் கைப்பற்றி 1749 வரை வைத்திருந்தனர். ஊரைத் திரும்பப் பெற்ற கும்பினியார் கற்ற பாடம், கோட்டைக்கு அருகே எதிரி ஒளிந்துகொள்ளக்கூடிய எந்தக் கட்டடமும் இருக்கக்கூடாது என்பதே. கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணம், அதாவது இந்தியக் குடிகள் வாழ்ந்த பகுதி, படிப்படியாக இடிக்கப்பட்டது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757ஆம் ஆண்டளவில் அகற்றப்பட்டு, பின்னர் பூக்கடைப் பகுதியில் சென்ன மல்லீசுவரர் கோயிலோடு புதிதாகக் கட்டப்பட்டது. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உதவினர் என்ற ஐயத்தால் தூய அந்திரேயா கோயிலும் பறிக்கப்பட்டு இடிக்கப்பட்டது. கடவுளின் கோயில்களையே அகற்றத் துணிந்தவர்கள், தங்கள் சொந்த இறந்தோரின் கல்லறைகளை மட்டும் அப்போது விட்டுவைத்தனர்.

அதன் விலை பத்து ஆண்டுகளுக்குள் தெரிந்தது. 1758 டிசம்பரில் கவுண்ட் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. உயர்ந்த கல்லறைக் கட்டடங்கள் அப்படைக்கு ஆயத்த அரண்களாக அமைந்தன. அவற்றின் மறைவில் பிரெஞ்சுக்காரர் பீரங்கி மேடை ஒன்றையே அமைத்தனர். அம்மேடை அக்காலப் போர் விவரங்களில் கல்லறைத் திடல் மேடை என்றே குறிக்கப்படுகிறது. தங்கள் பெற்றோரும் மனைவியரும் பிள்ளைகளும் புதைக்கப்பட்ட நிலத்திலிருந்து தங்கள் மீதே குண்டுகள் பாய்வதைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் பார்த்தனர். ஆலயத்தின் கனத்த கூரை நின்றது; சுற்றியிருந்த வீடுகள் பல இடிந்தன. 1759 பிப்ரவரி நடுவில் ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் தோன்றியதும் லாலி முற்றுகையை விட்டு நீங்கினார்.

முற்றுகை நீங்கியபின் கும்பினியார் தயங்கவில்லை. திடலில் இருந்த நினைவிடங்களைத் தரைமட்டமாக்கி, பெயர் பொறித்த பலகைகளை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்து தூய மரியாள் ஆலயத்தைச் சுற்றிப் பதித்தனர். உடல்கள் இருந்த இடத்திலேயே விடப்பட்டன. புதிய அடக்க இடம் தீவுத்திடலில், 1763ஆம் ஆண்டளவில் திறக்கப்பட்டது. இன்று பல்லவன் சாலையை ஒட்டியுள்ள தூய மரியாள் கல்லறைத் தோட்டம் அதுவே. முதல் உலகப் போரில் இறந்த படைவீரர்களின் கல்லறைகளும் அங்கே உண்டு.

பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட கற்கள் புதிய இடத்திலும் அமைதியாக இருக்கவில்லை. 1782இல், ஐதர் அலியின் படையெடுப்பு பற்றிய அச்சம் சென்னையை ஆட்டிப்படைத்தபோது, முற்றத்துக் கற்களுள் பலவற்றைத் தோண்டி எடுத்துக் கோட்டை மதிலின் மேல் பீரங்கிகளுக்கு அடித்தளமாக வைத்தனர். அச்சம் தீர்ந்து காலம் சென்ற பிறகே அவை மீண்டும் முற்றத்துக்கு வந்தன. எதிரியின் பீரங்கிக்கு மறைப்பாக இருந்தது என்பதற்காக அகற்றப்பட்ட கல்லறைகள், ஒரு தலைமுறைக்குள் தம் சொந்தப் பீரங்கிகளைத் தாங்கின. இவ்விரு இடமாற்றங்களிலும் உடைந்தவை, மறைந்தவை, தேய்ந்தவை பல. முற்றத்தில் இன்று காணப்படும் வரிசைக்கு அடக்கத்தின் வரிசையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல் போனதற்குக் காரணமும் இதுவே. ஆங்கிலக் கற்களோடு இலத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மீனியம் ஆகிய மொழிக் கற்களும் அங்கே கலந்து கிடக்கின்றன. ஓர் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் முற்றத்தில் கத்தோலிக்க வணிகரின் கல்லும் ஆர்மீனியக் கிறித்தவரின் கல்லும் இடம்பெற்றது சமய இணக்கத்தால் அன்று. பெயர்த்தவர்களுக்கு அவை எல்லாம் ஒன்றுபோலவே தளக்கற்கள் ஆகிவிட்டன என்பதுதான் உண்மை.

கல்லும் உடலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் எல்லா மரபுகளுக்கும் பொதுவானது அன்று. தமிழர் நட்ட நடுகல், போரில் பட்ட வீரனின் பெயரும் பீடும் எழுதப்பட்ட கல், அவன் உடலுக்கு மேலேதான் நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நினைவும் வழிபாடுமே அதன் உயிர். கண்ணகிக்கு இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து வஞ்சியில் நிறுத்திய கதையை அறிந்த தமிழ் வாசகர், உடலை விட்டு நீங்கிய கல்லையும் பொருளுடையதாக ஏற்கத் தடையில்லை. ஆனால் நடுகல்லுக்கு அதைத் தொடர்ந்து போற்றும் ஊர் ஒன்று இருந்தது. தூய மரியாள் முற்றத்துக் கற்களுக்கு அத்தகைய வழித்தோன்றல்கள் இல்லை. அவற்றுக்கு எஞ்சியுள்ள ஒரே துணை அடக்கப் பதிவேடு.

கல்லையும் ஏட்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே ஊரின் முழு உருவம் தெரியத் தொடங்குகிறது. கல் வெட்டுவித்தவர்கள் வசதி படைத்தவர்கள்: ஆட்சிக்குழுவினர், கப்பல் தலைவர்கள், பெருவணிகர்கள், அவர்களின் மனைவியர். பதிவேட்டிலோ, கல்லுக்கு வழியில்லாத படைவீரரும் மாலுமியரும் கைக்குழந்தைகளும் இடம்பெறுகின்றனர். பதிவேட்டிலும் இடம்பெறாதவர்கள் அவர்களைவிட மிகப் பலர். 1680களில் மதராஸ் துறைமுகத்திலிருந்து ஆண்களும் பெண்களும் அடிமைகளாக ஏற்றுமதி செய்யப்பட்டதும், 1688இல் ஆட்சிக்குழு அதற்குத் தடை விதிக்க நேர்ந்ததும் கும்பினி ஆவணங்களில் உள்ள செய்திகள். அப்போது ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அவ்வணிகம் அவர் காலத்திலும் நடந்தது. அங்ஙனம் ஏற்றப்பட்டவர்களுக்குக் கல்லும் இல்லை, ஏடும் இல்லை. முற்றத்தில் நின்று அழகிய எழுத்துகளைப் படித்து வியப்பவர் இந்த இன்மையையும் சேர்த்தே படிக்க வேண்டும். இல்லையேல் அவர் படிப்பது வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டுமே.

ஆலயத்தின் உள்ளே நிலைமை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உயர்பதவியினர் சிலரை ஆலயத் தரையின் கீழேயே அடக்கம் செய்யும் வழக்கம் தோன்றியது. அவர்களுள் மிகத் துயரமான முடிவு ஆளுநர் பிகட்டினுடையது. லாலியின் முற்றுகையில் கோட்டையைக் காத்து நின்றவர் அவரே; இரண்டாம் முறை ஆளுநராக வந்தபோது, தஞ்சை மன்னரின் நாட்டைத் திருப்பித் தரும் விவகாரத்தில் தம் ஆட்சிக்குழுவினரோடு மோதி, 1776 ஆகஸ்டில் அவர்களாலேயே சிறைப்பிடிக்கப்பட்டு, 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். பெயர் எதுவும் இன்றி நினைவுச் சொல் மட்டும் பொறித்த ஒரு பலகையின் கீழ் அவர் இருப்பதாக நம்பப்படுகிறது. முற்றத்தில் உடலற்ற பெயர்கள் என்றால், இங்கே பெயரற்ற ஓர் உடல்.

தாமஸ் மன்றோவின் வரலாறு இன்னும் ஒரு படி மேலானது. இரயத்துவாரி முறையை, அதாவது இடைத்தரகர் இன்றி உழவரிடமே அரசு நேராக வரி தண்டும் முறையை, நிலைநிறுத்திய அவர், 1827 ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்து கூத்தியில் அடக்கம் செய்யப்பட்டார். 1831இல் அவருடைய எச்சங்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டுத் தூய மரியாள் ஆலயத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. பதவியேற்ற சில வாரங்களிலேயே 1860இல் வாந்திபேதியால் மாண்ட ஆளுநர் ஹென்றி வார்டும், 1875இல் பதவிக் காலத்திலேயே மறைந்த ஹோபர்ட் பிரபுவும் இங்கேயே அடக்கமாயினர்.

சுவரில் உள்ள சலவைக்கல் சிற்பங்களுள் தமிழருக்கு நெருக்கமானது கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்சின் நினைவாகக் கும்பினி வைத்தது; இளைய ஜான் பேக்கன் செதுக்கியது. சுவார்ட்ஸ் தமிழில் போதித்தவர். ஐதர் அலியிடமே தூது சென்றவர். தஞ்சையில் 1798இல் இறந்து அங்கேயே அடக்கமானவர். அவர் வளர்த்து வழிகாட்டிய சரபோஜி மன்னரும் தஞ்சைச் சிறிய கோட்டையில் உள்ள ஆலயத்தில் ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு வேறொரு சிற்பம் அமைத்தார். இரண்டையும் ஒப்பிடுபவருக்குச் சரபோஜியின் சிற்பமே உயர்ந்ததாகத் தோன்றும்: கும்பினி தனக்கு உதவிய ஒருவருக்கு நன்றி செலுத்தியது, சரபோஜியோ இறக்கும் ஆசானின் படுக்கையருகே தம்மையே நிறுத்திக்கொண்டார்.

பழைய திடலுக்குத் திரும்பினால், அங்கே 1759க்குப் பின் இடிக்கப்படாமல் எஞ்சிய ஒரு நினைவிடம் இன்றும் நிற்கிறது. கூர்முடியோடு உயர்ந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் இருவர் அடக்கம்: 1680இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ், அவருடைய மனைவி காதரின் இரண்டாம் கணவரிடம் பெற்று, 1688இல் நான்கு வயது நிரம்பாமலே இறந்த டேவிட் யேல் என்ற சிறுவன். ஒரு பெண்ணின் முதல் கணவரும் இரண்டாம் மணத்து மகனும் ஒரே கல்லறையில் இருக்கின்றனர். மகனை இழந்த தந்தை எலிஹு யேல் இங்கிலாந்து திரும்பி 1721இல் இறந்து, வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் ஊரின் ஆலய முற்றத்தில் அடக்கமானார். அவர் அனுப்பிய கொடைப்பொருள்களுக்கு நன்றியாக அமெரிக்காவில் ஒரு கல்லூரி 1718இல் அவர் பெயரை ஏற்றது. அவருடைய ஆண்மகனின் பெயரோ உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய இந்த ஒற்றைக் கட்டடத்தில் மட்டுமே வாழ்கிறது.

இக்கல்லறை நடுவண் அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னம். வாகனம் நிறுத்தும் பல அடுக்குக் கட்டடத்துக்கும் நீதிமன்ற வளாக விரிவாக்கத்துக்கும் இது தடையாக இருப்பதாக வழக்கு தொடரப்பட்டதும், இதனை வேறிடத்துக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2023இல் உத்தரவிட்டதும், அதைச் சுற்றி விவாதம் எழுந்ததும் நாடறிந்த செய்திகள். அந்நியர் கல்லறை ஒன்றுக்காக மக்களின் தேவை நிற்பதா என்ற கேள்வி அவ்விவாதத்தில் எழுவது இயல்பு. அது புறந்தள்ளத் தக்க கேள்வியும் அன்று. ஆனால் விடை, கல்லறையில் இருப்பவர் யார் என்பதில் அடங்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பயன்பட்ட ஓர் அடக்கத் திடல் இன்ன இடத்தில் இருந்தது என்பதைத் தரையில் நின்று காட்டும் முதன்மையான அடையாளம் இக்கட்டடம். முற்றத்துக் கற்களோ தம் இடத்தை விட்டுப் பெயர்ந்துவிட்டன; அவற்றுள் பல இருமுறை பெயர்ந்தவை. இதையும் பெயர்த்தால், முற்றத்துக் கற்களில் உள்ள பெயர்களுக்கும் அவர்கள் கிடக்கும் நிலத்துக்கும் இடையே எஞ்சியுள்ள தொடர்பும் அறுந்துவிடும். இடத்தின் காரணமாகவே மதிப்புடைய ஒரு சின்னத்தை இடம் மாற்றிப் பாதுகாப்பது என்பது பாதுகாப்பு ஆகாது.

முற்றத்துக் கற்களின் நிலையும் கவலைக்குரியது. அவை தரையோடு பதிந்தவை. நடப்போரின் காலடியும், மழைநீரும், கடற்கரை உப்புக்காற்றும் எழுத்துகளை ஆண்டுதோறும் தேய்க்கின்றன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளைத் திரட்டி 1905இல் வெளியிட்ட பட்டியலும், ஃபிராங்க் பென்னியின் திருச்சபை வரலாறும், ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட பழைய மதராஸ் பற்றிய தொகுதிகளும் இல்லையெனில், இன்று படிக்க முடியாத பல வரிகள் என்றென்றைக்கும் மறைந்திருக்கும். அம்மூவரும் செய்த பணி நூறாண்டுக்கு முந்தையது. அதைப் புதுப்பிக்கும் கடமை இத்தலைமுறையின் கையில் உள்ளது.

தூய மரியாள் ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அது நிற்கும் கோட்டைக்குள் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்குகின்றன. ஆகவே இக்கற்கள் தமிழகத்தின் பொறுப்பும் ஆகும். ஒவ்வொரு கல்லையும் முறையாகப் படம் பிடித்து, அதன் வாசகத்தைப் பதிவேட்டு வரியோடு ஒப்புநோக்கி, தமிழில் பொருளும் குறிப்பும் எழுதி வெளியிடும் பணியைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் திருச்சபையோடும் தொல்லியல் துறையோடும் இணைந்து ஏற்க வேண்டும். ஹின்மர்ஸ் - யேல் கல்லறை அது நிற்கும் இடத்திலேயே பாதுகாக்கப்பட வேண்டும். அவ்விடம் பழைய அடக்கத் திடல் என்பதை அறிவிக்கும் பலகை ஒன்று தமிழில் அங்கே வைக்கப்பட வேண்டும்.